பாகல் விதைப் புரதத்தின் படிக அமைப்பு: எங்கே சிக்கினால் எங்கே பார்ப்பது

பாகற்காய் விதையில் ஆல்ஃபா-மொமார்காரின் என்றொரு புரதம் உண்டு. மொமார்டின் என்ற பெயரிலும் கட்டுரைகளில் பார்ப்பீர்கள். 246 அமினோ அமிலம், சுமார் 28 கிலோடால்டன். ரைபோசோமின் பெரிய ஆர்.என்.ஏ. இழையில் ஒரு குறிப்பிட்ட வளைவில் இருக்கும் ஒரே ஒரு அடினினை (ஆர்.என்.ஏ. எழுத்துகளில் ஒன்று) மட்டும் கழற்றிவிடும். எலியின் 28எஸ் ஆர்.என்.ஏ.வில் அது 4324ஆம் இடத்து அடினின். அது போனால் ரைபோசோம் புரதம் தயாரிப்பதை நிறுத்திவிடும். இந்தச் செயலை ஆமணக்கின் ரிசினை வைத்து ஜப்பானிய ஆய்வாளர்கள் எண்டோவும் சுருகியும் 1987-ல் காட்டினார்கள். ரிசினின் படிக அமைப்பு (படிகத்தில் எக்ஸ் கதிர் பாய்ச்சிக் கண்ட அணு அமைப்பு) வெளிவந்ததும் அதே ஆண்டுதான்.

ரிசினுக்கும் குன்றிமணியின் அப்ரினுக்கும் இரண்டு சங்கிலிகள். ஒன்று வெட்டும், இன்னொன்று செல்லின் மேல் உள்ள சர்க்கரையைப் பிடித்து உள்ளே நுழைய வழி செய்யும். பாகல் புரதத்துக்கு வெட்டும் சங்கிலி மட்டும்தான். அந்த நுழைவுச் சீட்டு இல்லாததால் ஆய்வகத்தில் கையாள இது எவ்வளவோ மேல். இங்கே சொல்வதெல்லாம் இந்த ஒற்றைச் சங்கிலி வகைக்குத்தான். ரிசினையும் அப்ரினையும் படிப்புக்காகக்கூட நீங்களாகப் பிரித்தெடுக்கப் போகாதீர்கள்.

இந்த அமைப்பைத் தேடி வரும் எல்லோருக்கும் கடைசியில் வேண்டியது ஒன்றுதான்: நொதி வேலை செய்யும் குழியான செயல்மையப் பொந்தில் அடினின் இருக்கிறதா, எப்படி உட்கார்ந்திருக்கிறது? எக்ஸ் கதிர்த் தரவிலிருந்து வரையும் எலக்ட்ரான் வரைபடத்தில் அந்தப் பொந்தில் தெரியும் அடர்த்தி சரியில்லை என்றால், தவறு பெரும்பாலும் நாலு படி முன்னால் நடந்திருக்கும். அதனால் அறிகுறிகளை வேலை நடக்கும் வரிசையிலேயே வைத்திருக்கிறேன். பொந்தில் சிக்கி இங்கே வந்தவர்களும் மேலிருந்தே படித்து வாருங்கள்.

சொட்டில் வெள்ளை வீழ்படிவு மட்டும்தான், படிகம் இல்லை

முதலில் சந்தேகப்பட வேண்டியது கலப்படம். பாகல் விதையில் இந்தப் புரதம் தனியாக இல்லை. பீட்டா-மொமார்காரின் என்ற நெருங்கிய உறவும் உண்டு. இரண்டு சங்கிலி வகையின் நஞ்சில்லாத உறவான ஒரு லெக்டினும் (சர்க்கரையைப் பிடிக்கும் புரதம்) அதே விதையில் இருக்கிறது. அந்த லெக்டினின் அமைப்பைப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் விஜயன் குழுவினர் தீர்த்தார்கள். ஜெல்லில் ஒரே பட்டை என்று திருப்திப்பட வேண்டாம். ஆல்ஃபாவும் பீட்டாவும் எடையில் அவ்வளவு நெருக்கம். நிறை நிறமாலை எடுத்துப் பாருங்கள்.

இரண்டாவது, சர்க்கரை. விதையிலிருந்து வரும் புரதத்தில் 227ஆம் அஸ்பராஜினில் ஒரு சர்க்கரைச் சங்கிலி தொங்கும். அது எல்லா மூலக்கூறிலும் ஒரே நீளத்தில் இருக்காது. படிகம் பிடிவாதமாக மறுத்தால், பாக்டீரியாவில் தயாரித்த சர்க்கரையில்லாத புரதத்துக்கு மாறிப் பாருங்கள்.

இன்னொன்று, இந்தக் குடும்பத்துப் புரதங்கள் காரத்தன்மை மிக்கவை. ஏராளமான நேர் மின்னூட்டம் இருப்பதால் நியூக்ளிக் அமிலத் துணுக்குகள் ஒட்டிக்கொண்டு வரும். 260 நானோமீட்டர் ஒளி உறிஞ்சலுக்கும் 280-க்கும் உள்ள விகிதத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

படிகம் வந்தது, ஆனால் புரதமா உப்பா என்று தெரியவில்லை

ஊசியால் தொடுங்கள். புரதப் படிகத்தில் பாதி அளவுக்கு நீர் இருக்கும். அழுத்தினால் மொறுமொறுப்பில்லாமல் பொடிந்து போகும். உப்பு ‘டிக்’ என்று முறியும், அந்த முறிவு விரலுக்கே தெரியும். தியாகம் செய்யப் படிகம் இல்லையென்றால் மெத்திலீன் நீலம் ஒரு துளி விடுங்கள். புரதம் சாயத்தை உறிஞ்சி நீலமாகும். எக்ஸ் கதிரில் வைத்தால் உப்பு தூரத்தில் நாலைந்து முரட்டுப் புள்ளிகள் மட்டும் தரும், நடுவில் வெறிச்சென்று இருக்கும்.

புள்ளிகள் மங்கல், நடுவில் வளையங்கள்

வளையங்கள் எங்கே விழுகின்றன என்று அளந்து பாருங்கள். 3.9, 3.67, 3.44 ஆங்ஸ்ட்ராமில் (ஓர் ஆங்ஸ்ட்ராம் மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு) மூன்று வளையம் நெருங்கி நின்றால் பனிக்கட்டி. உறைய வைக்கும்போது பனி பிடிக்காமல் காக்கும் உறைகாப்புத் திரவம் போதவில்லை. கிளிசராலைக் கொஞ்சம் கூட்டுங்கள், படிகத்தைத் தூக்கும் நூல் வளையத்தில் அதைச் சுற்றித் தேவைக்கு மேல் திரவம் நிற்காமல் பாருங்கள். வளையமே இல்லாமல் புள்ளிகள் மட்டும் மங்கினால், உறைய வைக்காத படிகம் ஒன்றை அறை வெப்பத்தில் வைத்து ஒரு படம் எடுங்கள். அது நன்றாக இருந்தால் குற்றம் உறைய வைத்ததில். அதுவும் மோசம் என்றால் குற்றம் படிகத்திலேயே, திரும்ப வளர்க்க வேண்டியதுதான்.

உறைகாப்புக்குக் கிளிசரால் போட்டதை நோட்டில் எழுதி வையுங்கள். பின்னால் தேவைப்படும்.

அலகு செல்லில் எத்தனை மூலக்கூறு என்று குழப்பம்

படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் சிறு பெட்டிதான் அலகு செல், அதற்குள் மூலக்கூறுகள் அடுக்கும் சமச்சீர் வகைதான் ஸ்பேஸ் குரூப். இந்தப் புரதம் பெரும்பாலும் ஆர்3 என்ற ஸ்பேஸ் குரூப்பில் படிகமாகும். ஏ, பி அச்சுகள் சுமார் 130 ஆங்ஸ்ட்ராம், சி அச்சு சுமார் 40. கையாலேயே கணக்குப் போட்டுவிடலாம். 130 பெருக்கல் 130 பெருக்கல் 40, அதை 0.866-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 5,85,000 கன ஆங்ஸ்ட்ராம். அறுகோண அச்சுகளில் ஒன்பது சமநிலை இடங்கள். ஒன்பதால் வகுத்தால் 65,000. அதை 28,000-ஆல் வகுத்தால் 2.3. ஒரு டால்டன் எடைக்கு எத்தனை கன ஆங்ஸ்ட்ராம் என்ற இந்த மேத்யூஸ் எண் புரதப் படிகங்களில் வழக்கமாக இருக்கும் இடம் அதுதான். இரண்டு மூலக்கூறு வைத்தால் 1.16 வரும், நடக்காத காரியம். ஆக ஒன்று.

கோப்பில் சில நிரல்கள் ‘எச்3’ என்றும் சில ‘ஆர்3’ என்றும் எழுதும். அறுகோண அச்சில் எழுதிய அதே ஆர்3-தான் எச்3. இதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், ஆனால் எல்லாக் கோப்பிலும் ஒரே அச்சு அமைப்பு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

ஒவ்வொரு படிகமும் தனியாக நன்று, சேர்த்தால் குப்பை

இது ஆர்3-க்கே உரிய தொல்லை. படிகச் சட்டகத்தின் சமச்சீர், உள்ளே இருக்கும் புரத அடுக்கின் சமச்சீரைவிட உயர்ந்தது. அதனால் ஒரே படிகத்தின் எக்ஸ் கதிர்ப் புள்ளிகளுக்கு, புள்ளிக்கு மூன்று எண்ணாக, இரண்டு விதமாக எண் போடலாம்: எச், கே, எல் என்று ஒன்று, கே, எச், மைனஸ் எல் என்று இன்னொன்று. செல் அளவுகள் இரண்டிலும் அட்சரம் பிசகாமல் ஒன்றே. நிரல் எதைத் தேர்ந்தெடுத்தது என்பது குலுக்கல் மாதிரி. ஒரு படிகம் முதல் விதம், அடுத்தது இரண்டாம் விதம் என்று வந்துவிட்டால், இரண்டையும் சேர்க்கும்போது பொருத்தம் படு மோசமாகும்.

முதல் தரவை ஆதாரமாகக் கொடுத்து, பாயிண்ட்லெஸ் போன்ற நிரலில் மற்றதை ஓட்டுங்கள். மாற்ற வேண்டுமா என்று அதுவே சொல்லும். மாற்றியதும் பொருத்தம் சட்டென்று சரியாகும். இதை வகைக்கு ஒரு படிகம் மட்டும் வைத்திருப்பவர்களும் செய்யுங்கள். அடினின் இல்லாத படிகத்துக்கும் அடினின் ஊறிய படிகத்துக்கும் நடுவே வித்தியாச வரைபடம் போடப் போகிறீர்கள் அல்லவா? எண் முறை மாறியிருந்தால் அந்த வரைபடத்தில் தெரிவது எல்லாமே பொய்.

மூலக்கூறு மாற்றீடு தீர்வு தரவில்லை

தெரிந்த ஒரு புரதத்தின் அமைப்பை ஆரம்ப மாதிரியாக வைத்து நம் தரவைத் தீர்ப்பதுதான் மூலக்கூறு மாற்றீடு. இந்தக் குடும்பத்தில் அது தோற்பது அபூர்வம். டிரைக்கோசாந்தின் என்ற சீன மருந்துக் கிழங்கின் புரதம் பாகல் புரதத்தோடு வரிசையில் பாதிக்கு மேல் ஒத்துப்போகும், மடிப்பும் அச்சு அசல் அதுவே. பி.டி.பி. என்ற புரத அமைப்புத் தரவு வங்கியில் பாகல் புரதமே 1ஏஎச்சி, 1எம்ஓஎம் என்ற எண்களில் இருக்கிறது. இவற்றைக் கொடுத்தும் தீராவிட்டால் மாதிரியைக் குறை சொல்லாதீர்கள். ஸ்பேஸ் குரூப் தவறா, அல்லது படிகமானது வேறு புரதமா என்று பாருங்கள். லெக்டின் கலந்திருந்தது என்று சொன்னேனே, அது தானாகவே படிகமாகிவிடும்.

ஆல்ஃபாஃபோல்டு என்ற நிரல் கணித்த மாதிரி கொடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் கோப்பில் பி-காரணி (ஒவ்வொரு அணுவும் எவ்வளவு ஆடுகிறது என்ற எண்) இருக்க வேண்டிய பத்தியில் நம்பிக்கை மதிப்பெண் இருக்கும். அதில் பெரிய எண் நல்லது, பி-காரணியில் பெரிய எண் கெட்டது. மாற்றாமல் கொடுத்தால் மிக நம்பகமான பகுதிகளே மிக ஆடுபவையாக நிரலுக்குத் தெரியும்.

ஆர்3-ல் சி அச்சின் வழியே தொடக்கப்புள்ளி என்று ஒன்று கிடையாது. நேற்று வந்த தீர்வும் இன்று வந்த தீர்வும் சி அச்சில் வேறு உயரத்தில் நின்றால் இரண்டும் சரியே. ஆனால் ஒப்பிடப் போகும் இரண்டு படிகங்களுக்கும் தனித்தனியாகத் தீர்வு தேடாதீர்கள். முதல் படிகத்தின் முடிந்த மாதிரியிலிருந்து அடினினையும் நீரையும் எடுத்துவிட்டு, அதையே இரண்டாவதில் வைத்து முழு உடலாக நகர்த்தித் திருத்துங்கள்.

தீர்வு சுத்தம், வரைபடமும் பரவாயில்லை, ஆனால் ஆர்-ஃப்ரீ இறங்க மறுக்கிறது

ஆர் எண் என்பது மாதிரி தரவோடு எவ்வளவு ஒத்துப்போகவில்லை என்ற அளவு, ஒதுக்கி வைத்த புள்ளிகளில் அதைப் பார்த்தால் ஆர்-ஃப்ரீ. 2 ஆங்ஸ்ட்ராம் நுணுக்கம் உள்ள தரவில் ஆர்-ஃப்ரீ 35 சதவீதத்தில் முட்டிக்கொண்டு நின்றால் இரட்டைப்படிகத்தைச் சந்தேகப்படுங்கள். மேலே சொன்ன இரண்டு எண் முறைகளும் ஒரே படிகத்துக்குள் சேர்ந்து வளர்ந்துவிட்ட நிலை இது. ஒரு பகுதி நேராக, ஒரு பகுதி தலைகீழாக. கண்ணுக்கு ஒரே படிகம், ஒவ்வொரு புள்ளியும் இரண்டு புள்ளிகளின் கலவை.

இரட்டையைக் கண்டுபிடிக்கும் எல்-சோதனையின் சராசரி இரட்டை இல்லாத படிகத்துக்கு 0.5, சரிபாதி இரட்டைக்கு 0.375. செறிவின் இரண்டாம் திருப்புத்திறன் முறையே 2.0, 1.5. எக்ஸ்ட்ரியேஜ் நிரலை ஓட்டினால் எல்லாம் ஒரே பக்கத்தில் வரும். சரிபாதி இரட்டையில் இன்னொரு பொறியும் உண்டு. தரவு ஆர்32 போல, உயர்ந்த சமச்சீர் உள்ளது போல நடிக்கும். மேத்யூஸ் கணக்கைத் திரும்பப் பாருங்கள். ஆர்32 என்றால் ஒன்பதுக்குப் பதில் பதினெட்டு இடங்கள், அதே செல்லில் 1.16 வரும். அந்தப் பாதிக் காகிதக் கணக்கு அப்போதே காப்பாற்றும்.

இரட்டை என்று உறுதியானால் இரட்டைத் திருத்தத்தை இயக்குங்கள். ஆர்-ஃப்ரீக்கு ஒதுக்கும் புள்ளிகளில், இரட்டையால் ஒன்றோடொன்று கலக்கும் ஜோடிகள் பிரிந்துபோகக் கூடாது, ஒன்று ஒதுக்கப்பட்டால் அதன் ஜோடியும் ஒதுக்கப்பட வேண்டும். இல்லாவிட்டால் பரீட்சைத் தாள் முன்கூட்டியே வெளியானது போலத்தான். இரட்டைத் திருத்தத்தில் ஆர் எண் தன்னாலேயே குறைந்து தெரியும். மாதிரி மேம்பட்டது என்று அதை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. அதோடு, வரைபடம் மாதிரியின் பக்கம் சாயும். நீங்கள் பொந்தில் எதை வைத்தாலும் ‘ஆமாம், இருக்கிறது’ என்று சொல்லும் வரைபடம் அது. முடிந்தால் இரட்டையில்லாத படிகத்தைத் தேடுங்கள். அதே தட்டில் நாலு படிகத்தைச் சோதித்தால் ஒன்று கிடைக்க வாய்ப்புண்டு.

227ஆம் இடத்துப் பக்கத்தில் யாருக்கும் சேராத அடர்த்தி

அது சர்க்கரை. நீர் மூலக்கூறுகளை வரிசையாக அடுக்கி அதை நிரப்பாதீர்கள். முதல் என்-அசெட்டைல் குளுக்கோசமைனை வைத்துத் திருத்தியதும் அடுத்தது தெளிவாகும். ஃப்யூகோஸ் வைக்க வேண்டி வந்தால் மட்டும் கவனம். தாவரத்தில் அது முதல் சர்க்கரையில் ஆல்ஃபா 1,3 இணைப்பில் வரும், பாலூட்டிகளில் ஆல்ஃபா 1,6. கையில் கிடைத்த பழைய வார்ப்பு பாலூட்டிக்கானதாக இருந்தால் இணைப்பு தவறாகிவிடும். சைலோஸ் இருப்பதும் தாவரத்து அடையாளம். வைத்து முடித்தபின் பிரிவட்டீர் போன்ற சர்க்கரைக்கான சோதனையில் வளையத்தின் வடிவத்தைப் பாருங்கள்.

ராமச்சந்திரன் வரைபடத்தில் ஒன்றிரண்டு வெளியே நிற்கின்றன

சென்னைப் பல்கலைக்கழகத்தில் ராமச்சந்திரனும் ராமகிருஷ்ணனும் சசிசேகரனும் 1963-ல் வெளியிட்ட, புரதச் சங்கிலியின் திருப்புக் கோணங்கள் இயல்பானவையா என்று காட்டும் வரைபடம் இன்றும் உலகத்தில் ஒவ்வொரு புரத அமைப்புக்கும் முதல் சோதனை. அதை நான் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் மனதுக்குள் ஒரு சந்தோஷம். வெளியே நிற்கும் எச்சத்தை (சங்கிலியின் ஓர் அமினோ அமிலத்தை) உள்ளே தள்ளுவதற்கு முன் அடர்த்தியைப் பாருங்கள். அடர்த்தி தெளிவாக, ஹைட்ரஜன் பிணைப்புகள் பொருந்தி இருந்தால் அது அப்படியேதான் இருக்கிறது, விட்டுவிடுங்கள். அடர்த்தி மங்கல் என்றால் பெப்டைடு திரும்பியிருக்கும், எடுத்துவிட்டுத் திரும்பக் கட்டுங்கள்.

ஏ.எம்.பி. ஊறவைத்தேன், பாதிதான் தெரிகிறது

சரி, பொந்துக்கு வந்துவிட்டோம். இதில் நானே மூன்று வாரம் சிக்கியிருக்கிறேன்.

படிகத்தை ஓர் இரவு ஏ.எம்.பி.யில் (அடினின், ரைபோஸ் சர்க்கரை, பாஸ்பேட் மூன்றும் சேர்ந்த மூலக்கூறு) ஊறவைத்தேன். காலையில் தரவு எடுத்தேன், 70ஆம் டைரோசினுக்கும் 111ஆம் டைரோசினுக்கும் நடுவே தட்டையான வட்டு போல அழகான அடர்த்தி, இரண்டு வளையமும் பிசிறில்லாமல் தெரிந்தது. அதன் ஓரத்தில், அளவுகோலைக் குறைத்தால், புகை போல ஏதோ. அங்கே ரைபோஸையும் பாஸ்பேட்டையும் வைத்தேன். திருத்தியதும் பாஸ்பேட் மேல் சிவப்புக் குமிழ், அதாவது ‘இங்கே இவ்வளவு எலக்ட்ரான் இல்லை’. சாய்த்து வைத்தேன், வளைத்து வைத்தேன். பி-காரணி பக்கத்து எச்சங்களில் 25 என்றால் பாஸ்பேட்டில் 90-ஐத் தாண்டியது. இடநிறைவை, அதாவது எத்தனை பங்கு மூலக்கூறுகளில் அது இருக்கிறது என்ற எண்ணை, பாதியாக்கினேன். அப்போதுதான் பாஸ்பரசுக்கு 15 எலக்ட்ரான் என்பது உறைத்தது. அது அங்கே ஒழுங்காக இருந்தால், அந்த மூலக்கூறிலேயே முதலில் கண்ணில் படுவது அதுவாகத்தான் இருக்கும். அடினின் பளிச்சென்று தெரிந்து பாஸ்பேட் தெரியவில்லை என்றால், பாஸ்பேட் அங்கே இல்லை.

நான் மறந்தது இதைத்தான்: படிகத்துக்குள்ளும் நொதி வேலை செய்யும். அடினினுக்கும் சர்க்கரைக்கும் நடுவே உள்ள பிணைப்பை வெட்டுவதே இதன் தொழில். படிகத்தில் பாதி நீர், வழிகள் திறந்தே இருக்கின்றன. ஏ.எம்.பி. உள்ளே போனது, வெட்டுப்பட்டது, சர்க்கரை-பாஸ்பேட் வெளியேறியது, அடினின் பொந்திலேயே தங்கிவிட்டது. நான் பார்த்தது முழுக்க முழுக்க விளைபொருளை.

வெட்டுப்படாத ஒன்றைப் பார்க்க வேண்டுமென்றால் ஃபார்மைசின் மோனோபாஸ்பேட் போடுங்கள். அடினோசினில் சர்க்கரையை நைட்ரஜன் பிடித்திருக்கும், ஃபார்மைசினில் அந்த இடத்தில் கார்பன். கார்பனுக்கும் கார்பனுக்கும் நடுவே உள்ள பிணைப்பை இந்த நொதியால் வெட்ட முடியாது. பி.டி.பி.யில் 1ஏஎச்பி அப்படி எடுத்ததுதான், 1ஏஎச்ஏ அடினின் உள்ளது, 1ஏஎச்சி வெறும் புரதம். மூன்றையும் ‘கூட்’ (Coot) என்ற நிரலில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து 70ஆம் டைரோசினை மட்டும் பாருங்கள். விருந்தாளி வரும்போது அது திரும்பி இடம் விடுகிறது.

ஊறவைத்தேன், பொந்தில் ஒன்றுமே இல்லை

அடினின் நீரில் அவ்வளவாகக் கரையாது, 25 டிகிரியில் லிட்டருக்கு ஏறத்தாழ 1 கிராம், அதாவது சுமார் 7.5 மில்லிமோலார். ‘50 மில்லிமோலாரில் ஊறவைத்தேன்’ என்று நோட்டில் எழுதியிருந்தால், மீதி குழாயின் அடியில் தூளாகக் கிடந்திருக்கும். ஏ.எம்.பி. நன்றாகக் கரையும். அதைப் போட்டு நொதியே அடினினைத் தயாரிக்கட்டும் என்று விடுவது எளிது.

உறைகாப்புத் திரவத்திலும் அதே மூலக்கூறைக் கலக்க வேண்டும். இரவெல்லாம் ஊறவைத்துவிட்டு, வெறும் கிளிசரால் திரவத்தில் இரண்டு நிமிடம் வைத்தால் வந்தது வெளியே போய்விடும். இதைத் தவறவிடுபவர்கள் நிறையப் பேர்.

70ஆம் டைரோசின் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்றும் பாருங்கள். வெறும் புரதத்தின் நிலையிலேயே இருந்தால் யாரும் வரவில்லை. இரண்டு நிலையிலும் கொஞ்சம் கொஞ்சம் அடர்த்தி இருந்தால் பாதி மூலக்கூறுகளில் வந்திருக்கிறது, இடநிறைவைத் திருத்தலாம்.

ஊறவைக்கவே இல்லை, ஆனால் பொந்தில் ஏதோ இருக்கிறது

நோட்டை எடுங்கள். கிளிசரால் போட்டது அங்கே எழுதியிருக்கும். வளைந்த சிறு புழு போன்ற அடர்த்தி என்றால் அதுவாக இருக்கலாம். தனித்தனி உருண்டைகள் என்றால் நீர். 2.5 ஆங்ஸ்ட்ராமுக்கு மோசமான தரவில் மூன்று நீர் மூலக்கூறுகள் சேர்ந்து தட்டையான வளையம் போலத் தெரியும், ஏமாறாதீர்கள்.

எது வைத்தாலும், திருத்துவதற்கு முன்னால் அதை விட்டுவிட்டுக் கணக்கிடும் பொல்டர் வரைபடம் எடுத்து வையுங்கள். வைத்துத் திருத்திய பிறகு எடுக்கும் வரைபடம் நீங்கள் கேட்டதையே திருப்பிச் சொல்லும்.

அடினின் உட்கார்ந்துவிட்டது, ஆனால் எந்தப் பக்கம்?

கார்பனுக்கு 6 எலக்ட்ரான், நைட்ரஜனுக்கு 7. 2 ஆங்ஸ்ட்ராம் வரைபடத்தில் இந்த வித்தியாசம் தெரியாது. தட்டையான வட்டில் அடினினைப் புரட்டிப் போட்டாலும் ஆர் எண் அசையாது. அடர்த்தியிடம் கேட்டுப் பயனில்லை, அண்டை வீட்டாரிடம் கேளுங்கள்.

163ஆம் ஆர்ஜினின் அடினினின் மூன்றாம் நைட்ரஜனை நோக்கி நிற்க வேண்டும். அந்த நைட்ரஜனுக்குப் புரோட்டானைத் தந்துதான் பிணைப்பு தளர்கிறது. 160ஆம் குளுட்டமிக் அமிலம் சர்க்கரை இருந்த பக்கத்தில், நீர் மூலக்கூறோடு இருக்க வேண்டும். 192ஆம் டிரிப்டோஃபேன் பொந்தின் சுவராக நிற்கும். ஆறாம் இடத்து அமினோ தொகுதியும் முதலாம் நைட்ரஜனும் புரதத்தின் முதன்மைச் சங்கிலியோடு ஹைட்ரஜன் பிணைப்பு போட வேண்டும். அமினோ தொகுதி ஹைட்ரஜனைத் தருவது, நைட்ரஜன் பெறுவது. எதிரில் இருப்பது ஆக்சிஜனா, ஹைட்ரஜனோடு நைட்ரஜனா என்று ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். தருபவர் எதிரில் தருபவர் நின்றால் புரட்டிப் போட்டுவிட்டீர்கள் என்று பொருள். தூரங்கள் 2.7-லிருந்து 3.2 ஆங்ஸ்ட்ராமுக்குள் இருக்கட்டும்.

இரண்டு நிலையிலும் ஒவ்வொரு முறை திருத்தி, அந்தத் தூரங்களை ஒரு தாளில் பக்கத்துப் பக்கத்தில் எழுதுங்கள். ஒரு பத்தியில் எல்லாம் பொருந்தும், இன்னொன்றில் இரண்டாவது இடத்தில் முட்டும். பொருந்தியதைப் பதிவேற்றுங்கள், அந்தத் தாளைத் தரவோடு சேர்த்து வையுங்கள்.